ஹஸனின் கடிதம்: வளர்ச்சி நாவல்களில் உற்ற தோழன்

அரபு மொழியில் நண்பனைக் குறிக்கச் சொற்கள் பல உண்டு. கூடவே இருப்பவன் ஸாஹிப். பயணத்தில் உடன் வருபவன் ரஃபீக். அவையில் அருகே அமர்பவன் ஜலீஸ். உள்ளத்தின் இடைவெளிகளிலெல்லாம் அன்பால் ஊடுருவி நிற்பவன் கலீல். இவற்றுள் தனித்து எண்ணத்தக்கது ஸதீக் என்னும் சொல். வாய்மையைக் குறிக்கும் ஸித்க் என்பதும் இச்சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நண்பன் நமக்காக எதைச் சுமக்கிறான் என்பதை இச்சொல் கேட்பதில்லை. நம்மிடம் மெய் பேசுகிறானா என்பதையே கேட்கிறது.

இப்பொருளை மனத்திற்கொண்டு புனைகதை உலகினுள் நுழைவோர் ஒரு முரணைக் காண்பர். கதைத்தலைவனின் உற்ற தோழனாக நாம் அங்கே சந்திக்கும் பாத்திரங்களில் பெரும்பாலோர் ஸாஹிப்களாகவும் ரஃபீக்குகளாகவும் இருக்கிறார்களேயன்றி, ஸதீக்குகளாக இருப்பதில்லை. அவர்கள் கூடவே வருகிறார்கள், சுமை தூக்குகிறார்கள், தலைவனுக்கு விழவேண்டிய அடியைத் தம் முதுகில் வாங்கிக்கொள்கிறார்கள். தம் மனத்தில் உள்ளதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

இதனை நமக்கு உணர்த்தியவர் ஒரு மாணவர். சில ஆண்டுகளுக்கு முன், வியாழன் இரவு நடைபெறும் மாணவர் மன்றத்தில், ஆப்கானிய எழுத்தாளர் காலித் ஹுஸைனியின் ‘தி கைட் ரன்னர்’ என்னும் ஆங்கில நாவலின் கதையை நாம் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பணியாளின் மகனான ஹஸன் தன் தோழன் அமீருக்காகப் பட்ட துன்பங்களைக் கேட்டுப் பலரும் நெகிழ்ந்திருந்த வேளையில், பின்வரிசையிலிருந்து இளைய மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், ஹஸனுக்குக் கோபமே வராதா?” என்று கேட்டார். ஸப்ர் எனும் பொறுமையின் சிறப்பைப் பற்றி ஏதோ கூறி அவரை அமரச் செய்தோம். அவர் அமர்ந்துவிட்டார், கேள்வி அமரவில்லை. அக்கேள்விக்கு அன்று சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

தோழனுக்கு இடப்பட்ட பணிகள்

ஒரு சிறுவனோ சிறுமியோ அறியாமையிலிருந்து அறிவுக்கும், பிறரைச் சார்ந்த நிலையிலிருந்து தன்பொறுப்புக்கும் வளர்வதைக் கூறும் நாவல் வகையை ஜெர்மானியர் ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்றழைத்தனர். 1795–96ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சிக் காலம்’ இவ்வகையின் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. அரபு இலக்கிய ஆய்வாளர்கள் இதனை ‘ரிவாயத்துத் தக்வீன்’, அதாவது உருவாக்கத்தின் நாவல் என்பர். நாம் இங்கு வளர்ச்சி நாவல் என்று குறிப்போம்.

வளர்ச்சி நாவலின் ஆசிரியர் எவராயினும் அவருக்கு ஒரு தோழன் தேவைப்படுகிறான். அத்தேவை மூவகைப்பட்டது. முதலாவது, செவி. தலைவன் தன் அச்சத்தையும் ஆசையையும் யாரிடமேனும் சொல்லியாக வேண்டும். பெற்றோரிடம் சொல்ல இயலாது. ஆசிரியரிடம் சொல்லத் துணிவில்லை. ஆகவே கேட்பதற்கு ஒருவன் வேண்டும். இரண்டாவது, அளவுகோல். தலைவன் எவ்வளவு வளர்ந்தான் என்பதை அறிய, அவனோடு ஒரே இடத்தில் புறப்பட்ட இன்னொருவன் வேண்டும். மூன்றாவது, விலை. தலைவன் செய்யும் பிழைக்கு விளைவு இருக்க வேண்டும். ஆனால் அவ்விளைவு தலைவனையே அழித்துவிட்டால் கதை தொடராது. எனவே அப்பிழையின் விலையைத் தோழன் செலுத்துகிறான்; அதிலிருந்து கிடைக்கும் பாடத்தைத் தலைவன் பெற்றுக்கொள்கிறான்.

முதலிரண்டும் கதைத்தொழிலின் இயல்பான தேவைகள். மூன்றாவதே நாம் நின்று நோக்கவேண்டியது. ஒருவன் துன்புறுவதும் மற்றவன் அதனால் பக்குவம் அடைவதும் நியாயமான கொடுக்கல் வாங்கல்தானா? ஷார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ (1847) நாவலில், அறப்பள்ளி விடுதியில் காசநோயால் இறக்கும் ஹெலன் பர்ன்ஸ் என்னும் சிறுமியை எண்ணிப் பார்க்கலாம். அவளது மரணம் ஜேனுக்குப் பொறுமையையும் மன்னிப்பையும் கற்பிக்கிறது. ஹெலனுக்கு அம்மரணம் எதைக் கற்பித்தது என்று நாவல் கேட்க இயலாது. எனினும், பெயர் பொறிக்கப்படாமல் கிடந்த அவளது மண்ணறைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு கல் நாட்டப்பட்டதாக ஆசிரியை எழுதிச் செல்கிறார். கடன் இருக்கிறது என்பதையேனும் அவர் மறக்கவில்லை.

நமது கருத்து இதுதான்: தோழன் விலை கொடுப்பதைத் தவிர்ப்பதல்ல நல்ல நாவலின் இலக்கணம். அவ்விலையை யார் கொடுத்தார் என்பதைக் கணக்கில் எழுதிவைப்பதே அதன் இலக்கணம்.

அடிபட்ட சிறுவன் வழக்கறிஞரானான்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’. 1849 முதல் 1850 வரை மாதத் தொடராக வெளிவந்த இந்நாவலில், ஸேலம் ஹவுஸ் என்னும் பள்ளியில் டேவிடுக்கு இரு தோழர்கள் வாய்க்கின்றனர். ஒருவன் ஸ்டீயர்ஃபோர்த், அழகன், செல்வன், பேச்சால் எவரையும் வசப்படுத்துபவன். மற்றவன் டிராடில்ஸ், கொடிய தலைமையாசிரியரிடம் நாள்தோறும் பிரம்படி பட்டு, அழுகை அடங்கியதும் தன் பலகையில் எலும்புக்கூடுகளை வரைந்து தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் சிறுவன். டேவிட் ஸ்டீயர்ஃபோர்த்தை வணங்காத குறையாகப் போற்றுகிறான். டிராடில்ஸை வேடிக்கையாகவே காண்கிறான்.

அப்பள்ளியில் மெல் என்னும் ஏழை ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய தாய் தர்மச் சத்திரத்தில் வாழ்கிறார் என்னும் செய்தியை அறியாமையால் ஸ்டீயர்ஃபோர்த்திடம் சொன்னவன் டேவிட். ஒருநாள் எழுந்த பூசலில் ஸ்டீயர்ஃபோர்த் அதனையே ஆயுதமாக்கி ஆசிரியரை இழிவுபடுத்துகிறான். அவர் வேலை இழந்து வெளியேறுகிறார். குற்றவுணர்வு மனத்தை அரித்தும் டேவிட் வாய் திறக்கவில்லை. ஆசிரியருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று ஸ்டீயர்ஃபோர்த்தின் முகத்துக்கு நேரே சொன்னவன் டிராடில்ஸ் ஒருவனே. நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஸதீக் என்னும் சொல் அந்த வகுப்பறையில் யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

டிக்கன்ஸ் டிராடில்ஸை அத்துடன் விட்டுவிடவில்லை என்பதே முக்கியம். நாவலின் பிற்பகுதியில் அவன் மீண்டும் வருகிறான். டேவிட் காணாதிருந்த ஆண்டுகளில் அவன் உழைத்துச் சட்டம் பயின்றிருக்கிறான். பத்துப் பெண்மக்கள் உள்ள ஏழைக் குடும்பத்தில் ஒருத்தியாகிய ஸோஃபியை மணக்கப் பல்லாண்டுகள் காத்திருக்கிறான். ஊரையே ஏமாற்றிய யூரியா ஹீப்பின் மோசடியைச் சட்ட அறிவால் முறியடித்ததில் அவனுக்குப் பெரும்பங்குண்டு. ஸ்டீயர்ஃபோர்த்தோ டேவிட் அறிமுகம் செய்துவைத்த மீனவர் குடும்பத்தைச் சீரழித்துவிட்டுச் செல்கிறான். எவனைத் தலைவனாக எண்ணினோமோ அவன் பொய்த்தான்; எவனைத் துணையாகவும் மதிக்கவில்லையோ அவன் மெய்யாக நின்றான். டேவிட் வளர்ந்ததற்குச் சான்று அவன் புகழ்பெற்ற எழுத்தாளனானது அன்று; டிராடில்ஸைச் சரியாகக் காணக் கற்றுக்கொண்டதே.

இதிலிருந்து மூன்று கேள்விகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். தோழனுக்குத் தனக்கென ஓர் ஆசை உண்டா? தலைவனை எதிர்த்து ஒருமுறையேனும் மறுப்புச் சொல்கிறானா? தலைவன் இல்லாத இடத்திலும் அவன் வாழ்வு நடக்கிறதா? டிராடில்ஸ் மூன்றுக்கும் ஆம் என்று விடையளிக்கிறான். ஹஸன் என்ன விடையளிப்பான்?

மாதுளை மரத்தடியில்

‘தி கைட் ரன்னர்’ 2003இல் வெளிவந்தது. இதன் ஆசிரியர் 1965இல் காபூலில் பிறந்து, பின்னர் குடும்பத்தோடு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்து, மருத்துவராகப் பணியாற்றியவர். நாவலின் முற்பகுதி 1970களின் காபூலில் நிகழ்கிறது. அமீர் செல்வந்தரான பஷ்தூன் ஒருவரின் மகன். ஹஸன் அவ்வீட்டுப் பணியாள் அலீயின் மகன், ஹஸாரா இனத்தவன். ஹஸாராக்கள் ஆப்கானிஸ்தானில் பெரும்பாலும் ஷீஆக்கள். முகச்சாயலாலும் மத்ஹபாலும் தலைமுறை தலைமுறையாக இழிவுக்கு உள்ளாக்கப்பட்டவர்கள். அமீர் மாளிகையில் உறங்குகிறான். ஹஸன் தோட்டத்து மண்குடிலில் உறங்குகிறான். அமீர் பள்ளி செல்கிறான். ஹஸன் அவனுக்குக் காலை உணவு எடுத்து வைத்துவிட்டு வீட்டு வேலையில் இறங்குகிறான்.

கல்லறைத் தோட்டத்தருகே உள்ள மாதுளை மரத்தடியில் அமீர் கதை படிக்க, எழுத்தறியாத ஹஸன் கேட்பான். ஃபிர்தவ்ஸியின் ஷாஹ்நாமாவில் வரும் ருஸ்தம்–ஸுஹ்ராப் கதை அவனுக்கு உயிர். ஒருநாள் அமீர் குறும்பாக, நூலில் இல்லாததைத் தானே இட்டுக்கட்டிப் படிக்கிறான். ஹஸன் கைதட்டி, அண்மையில் கேட்டவற்றிலேயே சிறந்த கதை இது என்று மகிழ்கிறான். அமீர் எழுத்தாளனாகும் விதை அன்று விழுகிறது. பின் அமீர் எழுதும் முதல் கதை, கண்ணீர் முத்தாக மாறும் மந்திரக் கிண்ணம் பெற்ற ஒருவனைப் பற்றியது. அழுவதற்காகவே அவன் மனைவியைக் கொன்று முத்துக் குவியலின்மேல் அமர்ந்திருப்பதாகக் கதை முடிகிறது. ஹஸன் தயங்கித் தயங்கிக் கேட்கிறான்: அவன் வெங்காயத்தை முகர்ந்திருக்கலாமே?

எழுத்தறியாத அச்சிறுவனே அமீரின் முதல் வாசகன்; முதல் திறனாய்வாளனும் அவனே. அமீரோ தனக்கு இது தோன்றவில்லையே என நாணுகிறான்; எழுத்தறியாத ஹஸாரா நம்மைத் திருத்துவதா என்று உள்ளுக்குள் சீறுகிறான். நாவலில் ஹஸன் ஸதீக்காக, அதாவது மெய் சொல்பவனாக, நின்ற அரிய தருணம் அது. அந்த மெய்யைத் தாங்கத் தலைவனால் இயலவில்லை.

1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்துப் பட்டப் போட்டி கதையின் திருப்புமுனை. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலால் பிறர் பட்டங்களை அறுத்து வீழ்த்துவது போட்டி. கடைசியாக அறுபட்ட பட்டத்தைத் துரத்திப் பிடித்துவருவது வென்றவனுக்குப் பெருமை. அமீர் வெல்கிறான், பட்டத்தைத் தேடி ஹஸன் ஓடுகிறான். அதனைப் பிடித்த ஹஸனை ஆஸிஃப் என்னும் கொடியவனும் அவன் கூட்டாளிகளும் சந்தொன்றில் மறித்து, பட்டத்தைக் கேட்கிறார்கள். அது அமீருடையது என்பதால் ஹஸன் தர மறுக்கிறான். எழுதக் கூசும் கொடுமைக்கு உள்ளாகிறான். மறைவில் நின்று கண்ட அமீர் ஓடிவிடுகிறான்.

அதன்பின் அமீரால் ஹஸனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன்னை அடிக்கட்டும், தண்டிக்கட்டும் என்று அவன்மீது மாதுளம்பழங்களை எறிகிறான். ஹஸன் ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே மோதி உடைத்துக்கொண்டு, போதுமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். இறுதியில் அமீர் தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹஸனின் படுக்கையடியில் ஒளித்துவைத்துத் திருட்டுப்பழி சுமத்துகிறான். ஹஸன் அதனையும் ஏற்றுக்கொள்கிறான். அமீரின் தந்தை மன்னித்தும், கண்ணீர்விட்டுக் கெஞ்சியும், அலீ தன் மகனை அழைத்துக்கொண்டு அவ்வீட்டைவிட்டு வெளியேறுகிறார். மறுப்பு அங்கே ஹஸனின் வாயிலிருந்து வரவில்லை. அவன் தந்தையின் கால்களிலிருந்து வந்தது.

நம் மாணவரின் கேள்வி இங்கேதான் உயிர்பெறுகிறது. நாவல் முழுவதையும் சொல்பவன் அமீர். ஹஸனுக்குக் கோபம் வந்ததா என்பது அமீருக்குத் தெரியாது, அவன் கேட்டதுமில்லை. ஹஸன் துணிந்து நின்ற இடங்கள்கூட அமீருக்காக நின்றவையே. எதிரியை நோக்கிக் கவண் வில்லை உயர்த்தியது அமீரைக் காக்க. சந்தில் பட்டத்தைத் தர மறுத்தது அமீருக்குத் தர. ஒருவனுடைய வீரமும் பிறனுக்கே உடைமையாகிவிட்டால், அவனது கோபம் எங்கே இருக்கும்? அது இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. பார்ப்பவனின் கண்ணில் படவில்லை என்று மட்டுமே சொல்லலாம்.

பால் அறிந்த உறவு

நாவலின் பிற்பகுதியில் ஓர் இரகசியம் வெளிப்படுகிறது. ஹஸன் உண்மையில் அமீரின் தந்தைக்கே பிறந்தவன். அதாவது அமீருக்கு ஒன்றுவிட்ட தோழனல்லன், ஒரே தந்தையின் மகன். இச்செய்தியே அமீரை, ஹஸனின் மகனைத் தேடி ஆப்கானிஸ்தானுக்குச் செல்லத் தூண்டுகிறது. வாசகர்கள் பலர் வியந்து போற்றிய இத்திருப்பத்தில் நமக்கு ஒரு குறை தென்படுகிறது. பணியாளின் மகன் செய்த தியாகத்திற்குக் கைம்மாறு செய்ய, அவன் நம் இரத்தமாக இருந்தாக வேண்டுமா? தோழன் என்பது போதாதா?

இதற்கான விடையை நாவலே தன் தொடக்கத்தில் வைத்திருக்கிறது. அமீரைப் பெற்றவுடன் அவன் தாய் இறந்தாள். ஹஸனைப் பெற்ற சில நாள்களில் அவன் தாய் வீட்டைவிட்டுப் போனாள். ஸகீனா என்னும் ஹஸாராப் பெண் ஒருத்தியே ஓராண்டு இடைவெளியில் இருவருக்கும் பாலூட்டினாள். ஒரே மார்பில் பாலுண்டவர்களுக்கிடையே காலம் முறிக்க முடியாத உறவு உண்டென்று அலீ அப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்.

ஃபிக்ஹ் நூல்களில் ‘ரளாஅத்’ என்றொரு பாடம் உண்டு என்பதை நம் வாசகர்கள் அறிவர். குழவிப் பருவத்துக்குரிய காலவரம்பிற்குள் ஒருத்தியிடம் பாலுண்ட குழந்தை அவளுக்குப் பிள்ளையாகிறது. அவளிடம் பாலுண்ட பிறர் அதற்கு உடன்பிறப்பாகின்றனர். எத்தனை முறை உண்டால் இவ்வுறவு நிலைபெறும் என்பதில் மத்ஹபுகள் வேறுபடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை, ஹனஃபி மத்ஹபில் ஒருமுறையே போதும். இவ்வுறவால் திருமணத் தடை ஏற்படும். ஆனால் வாரிசுரிமை ஏற்படாது. ஆக, ஹஸன் பால்வழிச் சகோதரன் என்பது அவ்வீட்டில் எவருக்கும் இரகசியமன்று. சொத்தில் பங்கு தராத உறவு அது. ஆயினும் கண்ணியத்தில் பங்கு கோரும் உறவு. நபி (ஸல்) அவர்கள் தம் பால்வழிச் சகோதரி ஷைமா ஹுனைன் போருக்குப் பின் தம்மிடம் வந்தபோது, மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன.

தமிழிலும் இதற்கோர் இணை உண்டு. சங்க அகப்பாடல்களில் தலைவியின் உயிர்த்தோழி யார் எனின், அவளை வளர்த்த செவிலியின் மகள் என்பது தொல்காப்பிய மரபு. காதலை அறிவதும், வீட்டாரிடம் எடுத்துரைப்பதும், தலைவனை இடித்துரைப்பதும் அவளே. தலைவியின் காதலுக்காக இவ்வளவும் பேசும் அத்தோழிக்குச் சொந்தமாக ஒரு காதல் இருந்ததா என்று அப்பாடல்கள் கேட்பதில்லை. செவிலி ஒருத்தியால் இணைந்த பிள்ளைகளில் ஒருவர் பேசப்படுபவர், மற்றவர் பேசுபவர் என்னும் பிரிவினை பழமையானது போலும்.

எனவே, இரத்த உறவு என்னும் இரகசியம் வெளிப்படும்வரை அமீர் காத்திருக்க வேண்டியதில்லை. அவன் அறிய வேண்டியது எதுவும் மறைக்கப்படவில்லை. பால் அறிந்திருந்தது, அலீ சொல்லியிருந்தார், அமீர்தான் கேட்காதிருந்தான்.

இறந்தபின் வந்த குரல்

இவ்வளவு கூறியபின், ஹுஸைனிக்கு நியாயம் செய்யும் இடத்திற்கு வருகிறோம். அமீரும் அவன் தந்தையும் 1981இல் நாட்டைவிட்டு வெளியேறிக் கலிபோர்னியாவில் வாழ்கின்றனர். 2001இல் தந்தையின் நண்பர் ரஹீம் கானின் அழைப்பை ஏற்றுப் பெஷாவர் செல்லும் அமீரின் கையில் ஒரு கடிதம் தரப்படுகிறது. எழுதியவன் ஹஸன். எழுத்தறியாதிருந்த அவன், பின்னர் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறான். மனைவி ஃபர்ஸானாவைப் பற்றியும், மகன் ஸுஹ்ராபைப் பற்றியும், காபூல் மாறிவிட்டதைப் பற்றியும், மாதுளை மரம் காய்ப்பதை நிறுத்திவிட்டதைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறான்.

நாவலில் ஹஸன் யாருடைய கண் வழியாகவுமன்றித் தானே பேசும் இடம் இது ஒன்றே. தலைவன் இல்லாத கால் நூற்றாண்டில் அவனுக்கு ஒரு வாழ்வு இருந்தது, மணம் இருந்தது, விட்டுச்சென்ற தாய் திரும்பி வந்தபோது அவளை ஏற்கும் நெஞ்சம் இருந்தது, மகனுக்கு எழுத்தறிவிக்கும் ஆசை இருந்தது. ஆனால் அமீர் அக்கடிதத்தைப் படிக்கும்போது எழுதியவன் உயிரோடில்லை. அமீரின் தந்தையுடைய வீட்டைக் காத்து நின்ற ஹஸனைத் தாலிபான்கள் வெளியேறச் சொன்னார்கள், அவன் எதிர்த்துப் பேசினான், சுட்டுக் கொல்லப்பட்டான், மனைவியும் கொல்லப்பட்டாள். தோழன் தன் சொல்லைப் பெற்றான். பெறவேண்டியவன் அதனைக் காலம் கடந்தே பெற்றான்.

இதன்பின் நாவல் ஒரு செயலைச் செய்கிறது. அநாதையான ஸுஹ்ராபை மீட்டு அமெரிக்கா கொண்டுவரும் அமீர், அச்சிறுவனை ஹஸாராப் பையன் என்று குறிப்பிடும் தன் மாமனாரிடம், என் முன்னிலையில் இனி அப்படி அழைக்கக் கூடாது, அவனுக்குப் பெயர் உண்டு என்று அறுதியிட்டுச் சொல்கிறான். சந்தில் எழாத குரல் சாப்பாட்டு மேசையில் எழுகிறது. கடைசிக் காட்சியில், பேச்சையே துறந்துவிட்ட அச்சிறுவனுக்காக அறுந்த பட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவன் அமீர். தலைவன் தோழனின் வேலையை ஏற்கிறான். கடன் தீர்ந்ததாக நாவல் சொல்லவில்லை; கடனாளி யார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இக்கடன் ஏட்டோடு நிற்பதுமன்று. 2007இல் இந்நாவல் திரைப்படமானபோது, சந்துக் காட்சி இனப்பகையைக் கிளறி, நடித்த ஆப்கானியச் சிறுவர்களின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்று அஞ்சி, அவர்களை ஐக்கிய அரபு அமீரகத்திற்கு அனுப்பிவைக்கும்வரை படத்தின் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. பிறர் பாடம் பெறும் பொருட்டுச் சிறுவர்கள் விலை கொடுப்பது என்னும் நிலை கதைக்கு வெளியேயும் நேர்ந்தது.

துணையாக இருக்க மறுத்தவன்

தோழன் இன்னொரு வழியிலும் தன் இடத்தைப் பெறலாம். அவன் சாகாமலே, வெறுமனே வளர்ந்துவிடலாம். 1988இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூழின் மூன்று தொகுதிகளான கெய்ரோ நாவல் வரிசை (1956–57) இதனைக் காட்டுகிறது. கதைத்தலைவன் கமால், வணிகரான ஸையித் அஹ்மத் அப்துல் ஜவாதின் இளைய மகன். அவனது இளமைத் தோழன் ஃபுஆத், அதே கடையில் கணக்கும் வேலையும் பார்க்கும் ஜமீல் ஹம்ஸாவியின் மகன். முதலாளியின் மகனும் ஊழியரின் மகனும், அமீர்–ஹஸன் அமைப்பேதான்.

ஆனால் ஃபுஆத் படிக்கிறான். இரண்டாம் தொகுதியில் அவன் சட்டக் கல்லூரிக்குச் செல்ல, கமால் தந்தையின் விருப்பத்தை மீறி ஆசிரியர் கல்லூரியைத் தேர்கிறான். ஊழியரின் மகன் சட்டம் பயில, தன் மகன் வெறும் வாத்தியாராவதா என்று தந்தை மனம் புழுங்குகிறார். மூன்றாம் தொகுதியில் ஃபுஆத் அரசுத்தரப்பு வழக்கு அதிகாரி. கமால் மணமாகாத பள்ளி ஆசிரியன், யாரும் அதிகம் படிக்காத தத்துவக் கட்டுரைகளை எழுதுபவன். பழைய நட்பின் படித்தரம் தலைகீழாகிவிட்டது. அது கமாலுக்கு உறுத்துகிறது.

அவ்வுறுத்தலை மஹ்ஃபூழ் மறைக்காமல் எழுதியதே அவரது நேர்மை. நண்பனை நேசிக்கிறோம் என்று நாம் கூறும்போது, அவன் நமக்குக் கீழே இருக்கும் வரையிலா நேசிக்கிறோம் என்னும் கேள்வியை ஃபுஆத் நம்மிடம் கேட்கிறான். டிராடில்ஸின் உயர்வில் டேவிட் மகிழ்கிறான். ஃபுஆதின் உயர்வில் கமால் சுருங்குகிறான். மனித இயல்பில் இரண்டும் உண்டு.

கேட்டால்தானே

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். நாம் ஓதிய காலத்தில் விடுதியில் நம்மோடு ஒருவர் இருந்தார். ஃபஜ்ருக்கு நம்மை எழுப்புவது அவர். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வாங்கிவந்தது அவர். நூலகத்திலிருந்து நாம் எடுத்த கித்தாபு ஒன்று நம் கவனக்குறைவால் மழையில் நனைந்து கெட்டபோது, விசாரணையில் அது தன் பிழை என்று கூறித் தண்டம் கட்டியதும் அவரே. நாம் பேசாதிருந்தோம். அடுத்த ஆண்டு தந்தை இறந்ததால் அவர் ஓதுவதை விட்டுவிட்டார். நாம் பட்டம் பெற்றோம். பின்னர் முதுகலையும் முடித்து ஆசிரியரானோம். உற்ற நண்பருக்கு உதாரணமாகப் பல பயான்களில் அவரைக் குறிப்பிட்டும் இருக்கிறோம்.

மாணவர் அக்கேள்வியைக் கேட்ட சில மாதங்களில், ஒரு நிக்காஹ் சபையில் அவரைச் சந்தித்தோம். வளைகுடாவில் பல்லாண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியிருந்தார். மகள் மருந்தியல் படிப்பதாகச் சொன்னார். தனியே அமர்ந்தபோது, “அன்று உனக்கு என்மேல் கோபம் வரவில்லையா?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். “வராமல் என்ன? ஒரு மாதம் உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீ கேட்டால்தானே சொல்ல?” என்றார்.

நாற்பதாண்டு காலம் நாம் பொறுமை என்று பாராட்டிவந்தது, நாம் கேட்காததால் சொல்லப்படாத கோபம். நம் பயான்களில் அவர் இருந்தார். அவர் மனம் இருக்கவில்லை. அமீரைக் குறைகூறும் தகுதி நமக்கு எவ்வளவு என்பதை அன்று அறிந்தோம்.

திருக்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் இரு கடல்கள் சங்கமிக்கும் இடத்தைத் தேடிச் செல்லும்போது உடன் ஓர் இளைஞர் வருகிறார். வேத வரலாற்றைப் புனைகதையோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஒரு சொல்லை மட்டும் சுட்டுகிறோம். அவர் ‘ஃபதா’ என்றே குறிக்கப்படுகிறார். இளைஞன், பணியாள் என்னும் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. உணவைச் சுமந்தவர் அவர். மீனைப் பற்றிச் சொல்ல மறந்தவரும் அவர். தாம் மறந்ததை அவர் மறைக்காமல் சொன்னதாலேயே தேடிய இடம் தெரியவந்தது. கித்ரு (அலை) அவர்களின் சந்திப்புக்குப்பின் அந்நிகழ்ச்சியில் அவரைப் பற்றிய பேச்சு இல்லை. ஆனால் ஹதீஸ் அவரை யூஷஃ இப்னு நூன் என்று பெயர் சொல்கிறது. மூஸா (அலை) அவர்களுக்குப்பின் அச்சமூகத்தை வழிநடத்தியவர் அவரே. ஒரு நிகழ்ச்சியில் பின்னால் நடந்தவர் என்பதால் ஒருவர் எப்போதும் பின்னால் நடப்பவர் ஆகிவிடுவதில்லை.

வளரும் பிள்ளைகளின் கையில் நாம் கதைகளைக் கொடுக்கிறோம். கதைத்தலைவனைப்போல் ஆக வேண்டும் என்று விரும்பியே அவர்கள் படிக்கிறார்கள்; எவரும் தோழனாக வேண்டும் என்று விரும்பிப் படிப்பதில்லை. ஆயினும் நம்முள் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய கதையில் துணைப்பாத்திரமே. படித்து முடித்தபின் பிள்ளைகளிடம் தலைவன் என்ன கற்றான் என்று கேட்பதோடு, தோழனுக்கு என்ன வேண்டியிருந்தது என்றும் கேட்டால் நலம்.

ஹஸனுக்குக் கோபம் வராதா என்று கேட்ட மாணவர் இப்போது ஓரூரில் இமாமாகப் பணிபுரிகிறார். அவருக்கு நமது விடை இது: வந்திருக்கும், தம்பி. அமீர் கேட்கவில்லை.